வார்டு வாசல்ல ஒரு கோமாளி: "உள்ள வரலாமா?"

இது நம்ம எபிசோடோட எழுத்து வடிவம். பேச்சுல வந்த இழுவையை எல்லாம் வெட்டிட்டு, படிக்கிறதுக்குத் தோதா கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கேன்.

ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம். ஆறு வயசுக் குழந்தை ஒண்ணு ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகியிருக்கு. காலையில நர்ஸ் வந்து "கையை நீட்டு" என்கிறார். ரத்தம் எடுக்க வந்தவர் "அசையாதே" என்கிறார். டாக்டர் வந்து "சட்டையைத் தூக்கு, மூச்சை இழு" என்கிறார். அம்மா "மருந்தைக் குடிச்சிரு கண்ணு" என்கிறாள். பக்கத்து பெட்டுக்குத் துணைக்கு வந்த பாட்டிகூட "அழக்கூடாது" என்று ஒரு அதட்டல் போட்டுட்டுப் போறாங்க. இத்தனை பேர்ல, அந்தக் குழந்தை "முடியாது, போ" என்று சொன்னா உண்மையிலேயே திரும்பிப் போற ஆள் யாராவது இருக்காங்களா?

எங்க சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, அந்த வார்டுல எல்லாருக்கும் அட்மின் அக்சஸ் இருக்கு. குழந்தைக்கு ரீட் பெர்மிஷன்கூட இல்லை. தன் உடம்புக்கு அடுத்து என்ன நடக்கப்போகுதுன்னே அதுக்குத் தெரியாது.

"போ"ன்னா போயிடுற ஒரே ஒரு ஆளை ஆஸ்பத்திரிக்குள்ள வேலைக்கு வெச்ச கதைதான் இன்னைக்கு. அந்த ஆள் ஒரு கோமாளி.

இந்த டாபிக்கை எடுத்ததும் நம்ம ஆட்கள் பாதிப் பேருக்கு 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' ஞாபகம் வரும். 2004-ல் கமல் நடிச்சு வந்த படம், கட்டிப்புடி வைத்தியம். அதுக்கும் முன்னாடி 1998-ல் ராபின் வில்லியம்ஸ் நடிச்ச 'பேட்ச் ஆடம்ஸ்', அதுல சிவப்பு மூக்கு. ரெண்டு படத்துலயும் நம்ம மனசுல நிக்கிறது ஒரே விஷயம்தான்: சிரிச்சா நோய் சரியாகும், அன்பு காட்டினா மருந்து வேலை செய்யும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆஸ்பத்திரிக் கோமாளியோட உண்மையான வரலாறு வேற இடத்துல ஆரம்பிக்குது. சிரிப்புல இல்லை, அழுகையில. இன்னும் சரியாச் சொன்னா, அழுகை நின்னுபோன இடத்துல.

அழாத குழந்தை

லண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெருவில் குழந்தைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை 1852-ல் பத்துப் படுக்கைகளோடு தொடங்கியது. அதற்கப்புறம் ஐரோப்பா, அமெரிக்கா முழுக்கக் குழந்தைகள் மருத்துவமனைகள் பெருகின. கூடவே ஒரு விதியும் பரவியது: பெற்றோர் வார்டில் தங்கக்கூடாது. பல இடங்களில் வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் பார்க்க அனுமதி. தொற்று பரவும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நர்ஸுகளின் அனுபவம்: அம்மா வந்துட்டுப் போனால்தான் குழந்தை அழுகிறது, வராவிட்டால் ரெண்டு மூணு நாளில் அடங்கி, சொன்னபடி கேட்கிறது. அதனால் அழாத குழந்தைதான் நல்ல குழந்தை, தேறி வர்ற குழந்தை என்று முடிவு கட்டினார்கள்.

இந்த முடிவை உடைத்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். டாக்டர் இல்லை, சமூகப் பணியாளர். லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் ஜான் பௌல்பியோடு வேலை பார்த்தவர். ஒரு கேமராவை எடுத்துக்கிட்டு வார்டுக்குள் போய், லாரா என்ற இரண்டு வயதுக் குழந்தையைப் படம் பிடித்தார். தொப்புள் குடலிறக்கத்துக்கு ஒரு சின்ன ஆபரேஷன், எட்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். 'இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகிறது' என்ற அர்த்தத்தில் தலைப்பு வைத்து 1952-ல் வெளியிட்டார்.

அந்தப் படத்தில் பெரிய கூச்சலோ கதறலோ கிடையாது. லாரா தன் முகத்தைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறாள், அவ்வளவுதான். நாள் போகப்போக அம்மா வந்தாலும் முகம் மலர்வதில்லை. ராபர்ட்சன் சொன்னது இது: குழந்தை முதலில் எதிர்ப்புக் காட்டும், அடுத்து நம்பிக்கை இழக்கும், கடைசியில் ஒட்டுதலையே விட்டுவிடும். நீங்கள் "தேறிட்டா" என்று சொல்வது அந்தக் கடைசிக் கட்டத்தை.

லாகில எர்ரர் வரலைன்னா சிஸ்டம் நல்லா ஓடுதுன்னு அர்த்தம் இல்லை. லாகிங்கே நின்னுபோயிருக்கலாம். ராபர்ட்சன் கண்டுபிடிச்சது அதைத்தான்.

லண்டன் மருத்துவர் சபையில் படத்தைத் திரையிட்டபோது கோபப்பட்ட டாக்டர்களும் நர்ஸுகளும் நிறையப் பேர். எங்கள் வார்டை அசிங்கப்படுத்துகிறாய் என்பது அவர்கள் வாதம். ஆனால் விஷயம் நிற்கவில்லை. 1959-ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் எந்த நேரமும் குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரை செய்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையோட மனசுக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி மருத்துவத்துக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான். கோமாளி வருவதற்கு முன்னால் கதவைத் திறந்து வைத்தவர்கள் இவர்கள்.

1986, இரண்டு ஊர்கள்

கோமாளிகள் அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போனதே இல்லையான்னு கேட்டா, போயிருக்காங்க. லண்டன் குழந்தைகள் வார்டில் ரெண்டு கோமாளிகள் வித்தை காட்டுகிற மாதிரி 1908-லேயே பிரான்ஸின் 'லு பெத்தி ஜுர்னால்' பத்திரிகை படம் போட்டிருக்கு. ஆனா அது விருந்தாளி வேஷம். கிறிஸ்துமஸுக்கு வந்து மிட்டாய் கொடுத்துட்டுப் போற மாதிரி.

நடுவுல 'சிரிப்பே மருந்து' என்ற பேச்சைப் பெரிதாக்கியவர் நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர். 1964-ல் கடுமையான மூட்டு, முதுகுத்தண்டு நோயில் படுத்தவர், மார்க்ஸ் சகோதரர்களின் நகைச்சுவைப் படங்களைப் போட்டுப் பார்த்து, பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று எழுதினார். 1976-ல் ஒரு பெரிய மருத்துவ இதழில் அந்தக் கட்டுரை வந்தது. ஒரு மனிதரின் அனுபவம் அது, ஆராய்ச்சி இல்லை. ஆனால் டாக்டர்கள் சிரிப்பைப் பற்றிப் பேச வெட்கப்படாத ஒரு சூழ்நிலையை அது உருவாக்கியது.

கோமாளி சம்பளத்துக்கு, வாராவாரம், டாக்டர்களுக்குத் தெரிஞ்சே வார்டுக்குள்ள வர ஆரம்பிச்சது 1986-ல். நியூயார்க்கில் மைக்கேல் கிறிஸ்டன்சன். 1977-ல் பால் பைண்டரோடு சேர்ந்து பிக் ஆப்பிள் சர்க்கஸை நிறுவியவர். 1985-ல் அவருடைய அண்ணன் கணையப் புற்றுநோயில் இறந்துபோனார். அதற்குக் கொஞ்ச நாளில், இதய நோய்க் குழந்தைகளுக்கான ஒரு நிகழ்ச்சிக்கு வரச்சொல்லி மருத்துவமனையிலிருந்து அழைப்பு. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு 'டாக்டர் ஸ்டப்ஸ்' என்ற பெயரில் போனார். அதிலிருந்து பிறந்ததுதான் 'கிளவுன் கேர்' அமைப்பு.

அவங்க பண்ணது என்ன தெரியுமா? டாக்டரையே கிண்டல் பண்ணாங்க. சிவப்பு மூக்கு மாற்று அறுவை சிகிச்சை. ரத்தம் ஏத்துறதுக்குப் பதிலா சாக்லேட் பால் ஏத்துறது. 'கேட் ஸ்கேன்' எடுக்கணும்னு சொல்லி ஒரு பூனைக்குட்டி பொம்மையைக் கொண்டு வர்றது. குழந்தையைப் பயமுறுத்துற ஒவ்வொரு கருவியையும் எடுத்து, அதுக்கு ஒரு கோணங்கி வடிவம் கொடுத்தாங்க. எப்பவும் ரெண்டு ரெண்டு பேராப் போனாங்க. அதுல ஒரு வசதி இருக்கு. பேச விருப்பமில்லாத குழந்தை சும்மா படுத்துக்கிட்டே ரெண்டு முட்டாள் டாக்டர்களும் சண்டை போடுறதை வேடிக்கை பார்க்கலாம். பதில் சொல்லியே ஆகணும்னு கட்டாயம் கிடையாது.

அதே 1986-ல் கனடாவின் வினிபெக் நகரத்தில் கேரன் ரிட், 'ரோபோ' என்ற கோமாளியாக அங்கிருந்த குழந்தைகள் மருத்துவமனையில் வேலையைத் தொடங்கினார். கனடா பாணியில் டாக்டர் வேஷம் இல்லை. பெரும்பாலும் ஒரே ஒரு கோமாளிதான். யார் எப்போ என்ன விளையாடணும்னு முடிவு பண்றது குழந்தை.

ரெண்டு பாணிக்கும் பொதுவான ஒரு பழக்கம் இருக்கு. இந்த எபிசோடோட தலைப்பே அதுதான். கோமாளி நேரா உள்ள போகமாட்டார். வாசல்லயே நின்னு, வார்த்தையாலயோ சைகையாலயோ, "உள்ள வரலாமா?"ன்னு கேட்பார். குழந்தை தலையை ஆட்டி "வேண்டாம்" என்றால் போய்விடுவார். காலையிலிருந்து ராத்திரி வரை யாருக்கும் "வேண்டாம்" சொல்ல முடியாத குழந்தைக்கு, அன்னைக்கு முதல் தடவையா அந்த வார்த்தை பலிக்குது. ஒரு கோமாளியைத் துரத்திவிட்ட குழந்தைக்கும் அவர் தன் வேலையைச் செஞ்சுட்டுத்தான் போயிருக்கார். அங்க சிரிப்பே வரலை, ஆனாலும்.

பிரான்ஸ், பிரேசில், ஆஸ்திரியான்னு 1991-லேயே மூணு நாட்டுல இதே மாதிரி அமைப்புகள் வந்தாச்சு. 2002-ல் இஸ்ரேலில் 'ட்ரீம் டாக்டர்ஸ்'. 2016-ல் பிக் ஆப்பிள் சர்க்கஸ் திவாலானது. ஆனா அந்தக் கோமாளிகள் வேற பெயர்ல ஒண்ணு சேர்ந்து வேலையைத் தொடர்ந்தாங்க.

சரி, டேட்டா என்ன சொல்லுது?

2005-ல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் ஒரு ஆய்வு. ஆபரேஷனுக்குப் போகிற 5 முதல் 12 வயது வரையிலான 40 குழந்தைகள். பாதிப் பேருக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது பெற்றோர் கூடவே கோமாளிகளும் இருந்தார்கள். மீதிப் பேருக்குப் பெற்றோர் மட்டும். கோமாளி இருந்த குழந்தைகளுக்குப் பதற்றம் தெளிவாகக் குறைவு. ஆஸ்பத்திரி ஊழியர்களிடமும் கருத்துக் கேட்டார்கள். குழந்தைக்கு நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தொடர வேண்டாம் என்றார்கள் பெரும்பாலானவர்கள். ஆபரேஷன் தியேட்டர் வேலைக்கு இடைஞ்சலாம்.

ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது நல்லாப் புரியும். ஃபீச்சர் வேலை செய்யுது, யூசருக்குப் பிடிச்சிருக்கு, ஆனா டீமுக்கு இடைஞ்சல்னு தூக்கிடுவாங்க. நர்ஸுகள் பக்கமும் நியாயம் இருக்கு. நேரம் தவறினா அடுத்த ஆபரேஷன் தள்ளிப்போகும். அதனாலதான் இன்னைக்கு நல்ல அமைப்புகள் எல்லாம் கோமாளிக்கு வித்தையை மட்டும் கத்துக்கொடுக்கறதில்லை. கை கழுவுறது, தொற்று விதிகள், எந்தக் கட்டத்துல வாயை மூடிக்கிட்டு ஒதுங்கணும்னு எல்லாத்தையும் சேர்த்துக் கத்துக்கொடுக்குது.

2009-ல் இஸ்ரேலில் 3 முதல் 8 வயது வரையிலான 65 குழந்தைகளை வைத்து இன்னொரு ஆய்வு. பதற்றத்தைக் குறைக்க மிடாசோலம் என்ற மருந்து கொடுத்த குழந்தைகளைவிட, கோமாளியோடு தியேட்டருக்குள் போன குழந்தைகள் பயம் குறைவாக இருந்தார்கள். ஆனால் முகத்தில் மயக்க மாஸ்க்கை வைத்ததும் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. கோமாளிக்கும் ஒரு எல்லை இருக்கு மக்களே.

2020-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 24 ஆய்வுகளை, மொத்தம் 1,612 குழந்தைகளை, ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். பதற்றம் குறைகிறது, நீண்ட நாள் நோயில் இருக்கிற குழந்தைகளுக்கு வலி, சோர்வு, மன அழுத்தம் குறைந்ததையும் சில ஆய்வுகள் காட்டின. நோய் குணமாகிறது என்று யாரும் சொல்லவில்லை. அப்படி யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஃபார்வர்டு பண்ணாதீங்க.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். 2008-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் 4 முதல் 16 வயது வரையிலான 250-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஆஸ்பத்திரிச் சுவர் அலங்காரம் பற்றிக் கேட்டார்கள். கோமாளிப் படம் பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது என்றார்கள். யோசிச்சுப் பாருங்க. சுவத்துல வரைஞ்ச கோமாளி "வரலாமா?"ன்னு கேட்கமாட்டார். "போ"ன்னு சொன்னாலும் போகமாட்டார். கேட்டுட்டு வர்ற கோமாளிக்கும் கேட்காம நிக்கிற கோமாளிக்கும் இருக்கிற தூரம் அதுதான்.

நம்ம ஊர்ல இதுக்குப் பேர் பபூன்

இப்ப எங்க ஊருக்கு வரலாம். கரிவலம்வந்தநல்லூர். சங்கரன்கோவில்ல இருந்து ராஜபாளையம் போற ரோட்டுல இருக்கு. கரின்னா யானை, யானை வலம் வந்த நல்ல ஊர்னு பேர்லயே கதை இருக்கு. சங்கரன்கோவிலுக்கு ஆடித்தபசுன்னா, எங்க பால்வண்ணநாதர் கோயிலுக்கு ஆவணித்தபசு. இந்தப் பக்கத்து ஊர்க் கொடைகள்ல ஸ்பெஷல் நாடகம் போட்டா விடிய விடிய நடக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல, ராஜபார்ட் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, தனியா ஒரு ஆள் மேடைக்கு வருவார். பபூன். 'தமிழ் மேடையின் களங்கங்கள்' என்ற பொருளில் 2005-ல் சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் எழுதின புத்தகம், முழுக்க இந்த ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றித்தான்.

தோல்பாவைக் கூத்துல உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும், வடக்கே தெருக்கூத்துல கட்டியங்காரனும் இதே சாதி ஆட்கள். ராஜாவை நேருக்கு நேர் கிண்டல் பண்ண மேடையில இவங்களுக்கு மட்டும்தான் உரிமை உண்டு. மத்த எல்லாரும் ராஜாவைப் பார்த்து நடுங்கும்போது, இவங்க ராஜாவோட மீசை சரியில்லைன்னு சொல்லுவாங்க. கூட்டம் சிரிக்கிறது ஜோக்குக்காக மட்டும் இல்லை. நம்மளால சொல்ல முடியாததை ஒருத்தன் சொல்லிட்டானேங்கிற நிம்மதிக்காகவும்தான்.

ஆஸ்பத்திரியில ராஜா யாரு? வெள்ளைக் கோட்டு. கிறிஸ்டன்சன் நியூயார்க்குல பண்ணதும் கட்டியங்காரன் வேலைதான். நமக்கு இது வெளிநாட்டுச் சரக்கு இல்லை.

இன்னொரு விஷயத்துல நாம முன்னாடியே ஜெயிச்சிருக்கோம். ராபர்ட்சன் போராடி வாங்கினது நம்ம அரசு ஆஸ்பத்திரி வார்டுல சாதாரணமா நடக்குது: அம்மா கூடவே இருக்கா. அதுக்கு அவ கொடுக்கிற விலை பெருசு. தறி ஓட்டுற வீட்டுல ஒரு ஆள் குழந்தையோட பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில உட்கார்ந்தா, அன்னன்னைக்குக் கூலி போச்சு. இருந்தாலும் இருக்கா.

ஆனா ஒரு இடத்துல நாம கோமாளிக்கு நேர் எதிரான வேலையைச் செய்யறோம். நம்ம வீடுகள்ல பூச்சாண்டிக்கு அடுத்த பூச்சாண்டி யாரு? ஊசி. "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்." அதே வாய், ஆஸ்பத்திரி வாசல்ல, "ஊசியெல்லாம் போடமாட்டாங்க, சும்மா பார்ப்பாங்க" என்கிறது. அடுத்த நிமிஷம் ஊசி ஏறுது. குழந்தைக்கு ஒரே நாள்ல ரெண்டு பாடம்: டாக்டர்னா தண்டனை, அம்மா சொல்றது பொய். பக்கத்துல இருந்தும் அந்தத் துணை பாதியாப் போயிடுது. இந்த நிலைமையில வார்டுக்கு வர்ற கோமாளிக்கு முதல் வேலை சிரிக்க வைக்கிறது இல்லை. நாம கட்டி வெச்ச பூச்சாண்டியைப் பிரிச்சுக் காட்டுறது.

இங்க யார் செய்றாங்க?

தமிழ்நாட்டுல இது ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சு. சென்னையில ஆயிஷா ராவ் 1991-ல் தொடங்கின 'தி லிட்டில் தியேட்டர்' குழந்தைகள் நாடகக் குழு, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை வார்டுகளுக்குக் கோமாளிகளை அனுப்புது. பாய்மரப் படகு வீராங்கனையும் டாக்டருமான ரோகிணி ராவ் இந்த முயற்சியில முக்கியமான ஆள். டாக்டரே கோமாளியாகிறப்போ, ஃப்ளோரன்ஸ்ல வந்த 'இடைஞ்சல்' சண்டைக்குப் பாதி பதில் கிடைச்சிடுது. ஆரோவில்ல ஹாமிஷ் பாய்டும் ஃபிஃப் ஃபெர்னாண்டஸும் சேர்ந்து நடத்துற 'மெடிகிளவுன் அகாடமி' பயிற்சியும் கொடுக்குது. டெல்லியில ஷீத்தல் அகர்வால் என்ற மானுடவியலாளர் 2016-ல் 'கிளவுன்செலர்ஸ்' குழுவைத் தொடங்கி, சாச்சா நேரு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்.

சென்னை, ஆரோவில், டெல்லி. சங்கரன்கோவில்ல இருந்து பார்த்தா எல்லாமே தூரம். ஆனா மேடைப் பழக்கம் உள்ள சிரிப்புக் கலைஞர்கள் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் இருக்காங்க. நாடக பபூன்கள், கரகாட்டக் கோமாளிகள், வில்லுப்பாட்டுக்காரங்க. திருவிழா சீசன் முடிஞ்சா வேலை இல்லாத ஆட்கள். 2020-ல் கொரோனாவுக்காகத் திருவிழாக்களை நிறுத்தினப்போ இவங்க பொழைப்பு எப்படிப் போச்சுன்னு நமக்குத் தெரியும். இவங்கள்ல விருப்பமுள்ள ரெண்டு ரெண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒழுங்கா பயிற்சி கொடுத்து, மாவட்ட ஆஸ்பத்திரி குழந்தைகள் வார்டுல சம்பளத்தோட வேலைக்கு வெச்சா என்ன? ராத்திரி மேடையோட இரட்டை அர்த்த வசனம் அங்க உதவாது, அது நிச்சயம். சத்தமும் குறையணும். ஆனா எதிர்ல இருக்கிற ஆள் முகத்தைப் படிச்சு அந்த நொடியிலயே ரூட்டை மாத்துற திறமை இருக்கே, அதைப் புதுசா ஒருத்தருக்குக் கத்துக்கொடுக்கத்தான் வருஷக்கணக்காகும். இவங்களுக்கு அது கைவசம் இருக்கு.

அது நடக்கிற வரைக்கும் நம்ம கையில இருக்கிறதைப் பார்ப்போம். அக்கா குழந்தையையோ பக்கத்து வீட்டுக் குழந்தையையோ ஊசி போடக் கூட்டிட்டுப் போறீங்களா? ஊசியை வெச்சு மிரட்டாதீங்க. வலிக்காதுன்னு பொய் சொல்லாதீங்க. "வலிக்கும், பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிரும்"னு சொல்லுங்க. அப்புறம் ஒரு சின்ன முடிவையாவது அதுகிட்ட விடுங்க: இடது கையா, வலது கையா? மடியிலயா, பெட்டுலயா? நான் பேசட்டுமா, சும்மா இருக்கட்டுமா? "சும்மா இரு"ன்னு சொன்னா, சும்மா இருங்க.

உங்க ஊர் ஆஸ்பத்திரியில இந்த மாதிரி ஏதாவது நடந்தா எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம். அதுவரைக்கும் கரிவலம்வந்தநல்லூர்க்காரனோட வணக்கம்.